கிரிமினல் வழக்கில் வக்கீலை எப்போது பார்க்க வேண்டும்? எஃப்.ஐ.ஆர். முதல் குற்றப்பத்திரிகை வரை

2024 ஜூலை 1 முதல் இந்தியாவின் கிரிமினல் சட்டங்கள் மூன்றும் மாறிவிட்டன. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) வந்தது. 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.), 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷிய அதினியம். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால், இன்றைக்கும் கோர்ட்டுகளில் பழைய எண்கள், புதிய எண்கள் இரண்டும் புழங்குகின்றன. விசாரணைக்கு வரச் சொல்லிப் போலீஸ் அனுப்பும் அழைப்பை '41-ஏ நோட்டீஸ்' என்று கேட்டுப் பழகியவர்களுக்கு '35(3) நோட்டீஸ்' என்று செய்தியில் படித்தால் புதிதாக ஏதோ வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. இரண்டும் ஒன்றுதான்.

மக்கள் கேட்கும் கேள்விகள் மட்டும் மாறவில்லை. ஸ்டேஷனிலிருந்து போன் வந்தால் போய்த்தான் ஆக வேண்டுமா? எஃப்.ஐ.ஆர். போட்டாலே கைதா? வக்கீலை எப்போது பிடிக்க வேண்டும்? கடைசிக் கேள்விக்குப் பல குடும்பங்களில் கிடைக்கும் பதில், 'கோர்ட்டில் கேஸ் வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்பது. இதனால் வரும் இழப்பு பெரிது. கிரிமினல் வழக்கில் வக்கீலால் அதிகம் செய்ய முடிகிற காலம், போலீஸ் கூப்பிடும் நாளிலிருந்து குற்றப்பத்திரிகை தாக்கலாகும் நாள் வரைதான். அந்தக் காலத்தில் என்னென்ன நடக்கிறது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

சி.எஸ்.ஆர்., எஃப்.ஐ.ஆர்.: எது என்ன?

தமிழ்நாட்டில் ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது சி.எஸ்.ஆர். ரசீது. புகார் மனுவை வாங்கிக்கொண்டோம் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். அதனால் வழக்கு பதிவானதாக ஆகாது. வழக்கு தொடங்குவது எஃப்.ஐ.ஆர்., அதாவது முதல் தகவல் அறிக்கை பதிவாகும்போது. அதற்குத்தான் குற்ற எண் உண்டு, பிரிவுகள் உண்டு.

பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. பி.என்.எஸ்.எஸ். 173-ஆவது பிரிவு இதில் ஒரு சலுகை தந்திருக்கிறது. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றமென்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். உங்கள் மேல் எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே தேடலாம். பாலியல் குற்றம் போன்ற நுண்மையான வழக்குகள் அதில் இருக்காது.

எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்துவிட்டால் குற்றவாளி என்று ஆகாது. அது ஒருவர் சொன்ன புகாரின் பதிவு.

பிரிவு எண்ணை முதலில் பாருங்கள்

எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்ததும் கதையைப் படிப்பதற்கு முன் பிரிவுகளைப் படிக்க வேண்டும். அவை மூன்று விஷயங்களைச் சொல்லிவிடும்:

1. போலீஸ் தானாகவே கைது செய்யலாமா, நடுவரின் (மாஜிஸ்திரேட்டின்) உத்தரவு வேண்டுமா.
2. ஜாமீன் உரிமையா, கோர்ட் மனசு வைத்துத் தருவதா.
3. வழக்கு நீதித்துறை நடுவர் கோர்ட்டில் நடக்குமா, செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகுமா.

தெருவில் இரண்டு குடும்பம் சண்டை போட்டுக்கொள்கிறது, ஒருவருக்கு அடி. 'கையால் அடித்தார்' என்றால் பி.என்.எஸ். 115(2). அதிகபட்சம் ஓராண்டு, ஜாமீனில் விட்டே ஆக வேண்டிய குற்றம். அதே சண்டையில் 'கொல்லும் நோக்கத்தோடு தலையில் அடித்தார்' என்று ஒரு வரி சேர்ந்தால் பி.என்.எஸ். 109-ஆவது பிரிவு, கொலை முயற்சி. ஆயுள் தண்டனை வரை போகலாம், ஜாமீன் எளிதல்ல, விசாரணை செஷன்ஸ் கோர்ட்டில். மருத்துவமனையின் காயச் சான்றிதழுக்கும் எஃப்.ஐ.ஆரில் உள்ள வரிக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்த்து, ஜாமீன் மனுவிலேயே அதை எடுத்து வைப்பது வக்கீலின் வேலை. இந்த ஒப்பீட்டை முதல் வாரத்தில் செய்தால் சிறைக்குப் போகாமலே தப்பிக்கவும் வழி உண்டு. ஆறு மாதம் கழித்துச் செய்தால் அதன் பலன் விசாரணையில்தான் தெரியும்.

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால்

சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் எழுத்தில் அழைக்க வேண்டும் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 179. பெண்கள், 15 வயதுக்குட்பட்டவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடுமையாக நோயுற்றவர்கள் ஆகியோரை அவர்கள் வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும். 'அம்மாவை ஸ்டேஷனுக்கு அனுப்பு' என்று போனில் சொன்னால், இந்தப் பிரிவைச் சொல்லி மறுக்க அந்தக் குடும்பத்துக்கு உரிமை இருக்கிறது.

குற்றம் சாட்டப்பட்டவராக அழைத்தால் 35(3) நோட்டீஸ். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, கைது ஏன் தேவை என்று காரணம் எழுத வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நோட்டீஸ் வந்து, சொன்ன தேதியில் போய் ஒத்துழைத்தால், காரணம் பதிவு செய்யாமல் கைது செய்ய முடியாது. போகாமல் இருந்தால் அதையே கைதுக்குக் காரணமாக்கலாம். ஆகவே நோட்டீஸைப் பார்த்துத் தலைமறைவாவதைப் போல உங்கள் வழக்கைக் கெடுப்பது வேறில்லை. இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்றும் 2025-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

வீடியோ காலில் வந்து 'நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், பணம் கட்டினால் விடுவோம்' என்றால் அது மோசடி. அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. போனை வைத்துவிட்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

விசாரணையில் என்ன பேசுவது? இங்கேதான் வக்கீல் இல்லாமல் போகிறவர்கள் அதிகம் இழக்கிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 20(3) பிரிவுப்படி தன்னையே குற்றத்தில் மாட்டிவிடும் பதிலைச் சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதும் சட்டம் (பி.என்.எஸ்.எஸ். 181). வெற்றுத் தாளில் கையெழுத்து என்பது பேச்சுக்கே இடமில்லாதது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஆனால் அதற்குள் ஒரு கதவு திறந்திருக்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். 'அரிவாளை வாய்க்கால் ஓரம் போட்டேன்' என்ற ஒரு வரியில் பல வழக்குகள் நிற்கின்றன. 'போலீஸில் சொன்னதுதானே, கோர்ட்டில் மறுத்துவிடலாம்' என்று நினைப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை பி.என்.எஸ்.எஸ். 38-ஆவது பிரிவில் இருக்கிறது. ஆனால் விசாரணை முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உரிமை இல்லை. அதனால் பேச வேண்டியதை ஸ்டேஷன் வாசலுக்குப் போகும் முன்னேயே பேசிக்கொள்வது நல்லது. வக்கீலிடம் சொல்வது இருவருக்கும் இடையே ரகசியம், சட்டமே அதைக் காக்கிறது. அவரிடம் எதையும் மறைக்க வேண்டாம்.

கைதான முதல் 24 மணி நேரம்

கைது செய்யும் அதிகாரி பெயர் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தினர் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். இவை 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளிலிருந்து வந்து, இப்போது சட்டத்திலேயே இருப்பவை. பெண்களைச் சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நேரத்தில், பெண் அதிகாரி நடுவரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கித்தான் செய்யலாம். 60 வயதைத் தாண்டியவரை, 3 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் அனுமதியில்லாமல் கைது செய்ய முடியாது.

கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசமைப்பின் 22(1). அதை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்கும் விரித்துச் சொன்னது. கைதான இடத்திலேயே எழுதித் தர முடியாவிட்டால், நடுவர் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது தர வேண்டும். அந்தத் தாள் இருக்கிறதா என்று முதலில் கேட்பவர் வக்கீல்தான். அது இல்லையென்றால் கைதே செல்லாமல் போகலாம்.

பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அவரைக் காவலில் வைக்க நடுவர் உத்தரவிடுவதுதான் ரிமாண்ட். பல நேரம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில நிமிடங்களில் நடுவர் கேட்க வேண்டியவை நிறைய: அடித்தார்களா, காரணம் சொன்னார்களா, குடும்பத்துக்குத் தெரியுமா, வக்கீல் இருக்கிறாரா, சிறைக் காவல் தேவைதானா. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் கைதாகி, கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, அடுத்தடுத்து இறந்தபோது தமிழ்நாடே கேட்ட கேள்விகளில் ஒன்று, ரிமாண்ட் செய்தபோது அவர்களை உரிய முறையில் விசாரித்தார்களா என்பது. அந்த இடத்தில் 'ஐயா, இவர் உடம்பைப் பாருங்கள், காயத்தைப் பதிவு செய்யுங்கள்' என்று சொல்ல ஒருவர் நிற்பதைவிட முக்கியமான வக்கீல் வேலை வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

60-ஆம் நாள் தாண்டினால்

ஜாமீன் மறுக்கப்பட்டாலும் இன்னொரு வழி இருக்கிறது. கைதானவர் சிறையில் இருக்கும்போது போலீஸ் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யக் கெடு உண்டு. மரண தண்டனை, ஆயுள், 10 ஆண்டும் அதற்கு மேலும் என்று வரும் குற்றங்களுக்கு 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். யு.ஏ.பி.ஏ. (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்குகளில் இது 180 நாள் வரையும், போதைப்பொருள் சட்டத்தின் சில குற்றங்களில் ஓராண்டு வரையும் நீளலாம். கெடு தாண்டினால் ஜாமீன் பெறுவது உரிமை. குற்றம் எவ்வளவு கொடியது என்பதை அப்போது பார்ப்பதில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 167(2), பி.என்.எஸ்.எஸ்.ஸில் 187(3).

நாளை எப்படி எண்ணுவது? கைதான நாளிலிருந்து அல்ல, நடுவர் ரிமாண்ட் செய்த நாளிலிருந்து, அந்த நாளையும் சேர்த்து. மார்ச் 1 அன்று ரிமாண்ட் என்றால் 60-ஆம் நாள் ஏப்ரல் 29. ஏப்ரல் 30 காலை கோர்ட் திறக்கும்போது குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால் உரிமை பிறந்துவிட்டது. ஆனால் அது தானாக வீடு தேடி வராது. மனு போட வேண்டும், ஜாமீன் கொடுக்கத் தயார் என்று சொல்ல வேண்டும். காலையில் மனு போட்டு மதியம் போலீஸ் குற்றப்பத்திரிகையைக் கொண்டுவந்தாலும் உரிமை போகாது. மனு போடாமல் விட்டு, மறுநாள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் உரிமை போச்சு. தமிழ்நாட்டிலிருந்து போன இரண்டு வழக்குகளில் 2020-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கெட்டியாக்கியது. ஒன்றில், மனு போட்ட பிறகு தாக்கலாகும் எதுவும் இந்த உரிமையைப் பறிக்காது என்றது. இன்னொன்றில், இப்படி ஜாமீன் தரும்போது 8 லட்சம் ரூபாய் கட்டச் சொன்ன நிபந்தனையை நீக்கியது.

இது நாள்காட்டியைப் பார்த்துச் செய்யும் வேலை. வக்கீல் இல்லாத கைதிக்கு அந்த ஒரு நாள் எது என்று சொல்ல ஆள் இல்லை. வக்கீலைத் தேட ஆரம்பிப்பதே மூன்றாவது மாதத்தில் என்றால், சட்டம் கொடுத்த வாய்ப்பு சத்தமில்லாமல் கடந்து போயிருக்கும்.

இதோடு பி.என்.எஸ்.எஸ். 479-ஆவது பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையிலேயே கழித்துவிட்டால் பிணையில் விடுவிக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கும் ஒன்றுக்கு மேல் வழக்கு உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது.

முன்ஜாமீன்

கைதாவோம் என்று நியாயமான அச்சம் இருந்தால் செஷன்ஸ் கோர்ட்டிலோ, சென்னை உயர் நீதிமன்றத்திலோ, அதன் மதுரைக் கிளையிலோ மனு செய்யலாம் (பி.என்.எஸ்.எஸ். 482). எஃப்.ஐ.ஆர். பதிவாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கிடைத்தால் பெரும்பாலும் இரண்டு நபர் ஜாமீன், ஸ்டேஷனில் தினமும் கையெழுத்து என்று நிபந்தனை வரும். ஒரு நாள் கையெழுத்துத் தவறினாலும் ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனு வரக்கூடும். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் முன்ஜாமீனுக்குத் தடை இருக்கிறது.

'ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிடு'

சின்ன வழக்குகளில் இந்த ஆலோசனையை ஸ்டேஷனிலும் கோர்ட் வராந்தாவிலும் தாராளமாகத் தருவார்கள். அலைச்சல் மிச்சம் என்பது உண்மை. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனை. நாளைக்கு அரசு வேலைக்கான படிவத்தில் 'எப்போதாவது தண்டிக்கப்பட்டீர்களா?' என்ற கட்டத்தில் 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். மறைத்தால் அது தனிக் குற்றச்சாட்டாகி வேலையையே பறிக்கும். தமிழ்நாட்டுக் காவலர் தேர்வு விதிகளில் சந்தேகத்தின் பலனில் விடுதலையானவர்களைக்கூடத் தகுதியற்றவர்களாகவே பார்க்கிறார்கள். 20 வயதுப் பையன் அடிதடி வழக்கில் 500 ரூபாய் கட்டி முடித்துக்கொள்ளும் முன் ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் பேசியே ஆக வேண்டும். சமரசம் செய்துகொள்ளச் சட்டம் அனுமதிக்கும் குற்றம் என்றால் (பி.என்.எஸ்.எஸ். 359), இரு தரப்பும் சமரசமாகும்போது அது விடுதலையாகவே கணக்காகும். இரண்டுக்கும் உள்ள தூரம் அதிகம்.

புகார் கொடுத்தவர் 'வாபஸ்' வாங்கினால் எஃப்.ஐ.ஆர். தானாகப் போய்விடும் என்பதும் தவறான நம்பிக்கை. சமரசத்துக்கு இடமில்லாத பிரிவு என்றால் உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528-ஆவது பிரிவின் கீழ் ரத்து மனு போட வேண்டும். தனிப்பட்ட தகராறுகளில் கோர்ட் ஏற்கலாம். கொலை, பாலியல் வன்கொடுமை போன்றவற்றில் ஏற்காது.

சரி, எப்போது வக்கீல்?

1. உங்கள் பெயரில் புகார் போயிருக்கிறது என்று தெரிந்த அன்றே ஒருவரிடம் பேசிவிடுங்கள்.
2. 35(3) நோட்டீஸ் வந்தால் ஆஜராகும் தேதிக்கு முன்.
3. கைதானால் ரிமாண்டுக்கு முன். சிறைக்குப் போய்விட்டாலும் சிறை அதிகாரி மூலம் வக்காலத்தில் கையெழுத்து வாங்கலாம்.
4. குற்றப்பத்திரிகை நகல் கிடைத்ததும். ஆதாரமே இல்லாத வழக்கில் விடுவிப்பு மனு போட இப்போது 60 நாள் கெடு இருக்கிறது. அசந்தால் போய்விடும்.
5. நீங்கள் பாதிக்கப்பட்டவராக இருந்து, எஃப்.ஐ.ஆர். போட மறுக்கும்போதும். அப்போது எஸ்.பி.க்கு எழுதி, அங்கும் நடக்காவிட்டால் நடுவரிடம் மனு செய்யலாம். நடைமுறை நுணுக்கமானது.

போக்குவரத்து அபராதம் போன்றவற்றுக்கு இதெல்லாம் தேவையில்லை.

காசு இல்லாவிட்டால்

1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி காவலில் உள்ளவர், பெண், குழந்தை, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளி ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இதன் அலுவலகம் உண்டு, உதவி எண் 15100. வக்கீல் இல்லாமல் நிற்கும் கைதியிடம் இந்த உரிமையைச் சொல்ல வேண்டியது நடுவரின் கடமை. இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று வாதாடுவார் என்ற பேச்சைக் கேட்டு, சிறையிலேயே காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. தனி வக்கீலுக்குப் பணம் புரட்டும் வரைக்காவது அந்த உதவியை வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் மாற்றிக்கொள்ளத் தடையில்லை.

ஊரே எதிர்க்கும் வழக்கில் யாரும் ஆஜராக மாட்டார்களா? சில போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று கோவை வழக்கறிஞர் சங்கம் போட்ட தீர்மானத்தை உச்ச நீதிமன்றம் 2010-இல் செல்லாது என்றது. எவ்வளவு மோசமான குற்றச்சாட்டாக இருந்தாலும் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாட ஒருவர் வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பு.

ஃபீஸ், கேஸ் கட்டு

பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தொகை ஜாமீனுக்கு மட்டுமா, விசாரணை முடியும் வரையா? வாய்தாவுக்கு வாய்தா தனியாகவா? கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குங்கள். 'ஜாமீன் கிடைத்தால் இவ்வளவு' என்று முடிவை வைத்து ஃபீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிகளுக்கு எதிரானது. 'நிச்சயம் எடுத்துத் தருகிறேன்' என்று உத்தரவாதம் தருபவரிடமிருந்து விலகியிருப்பது நல்லது, தீர்ப்பு அவர் கையில் இல்லை. எஃப்.ஐ.ஆர்., நோட்டீஸ், ரிமாண்ட் உத்தரவு, குற்றப்பத்திரிகை எல்லாவற்றிலும் உங்களுக்கென்று ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

வக்கீலை மாற்ற நினைத்தால் பழையவரிடம் ஆட்சேபனை இல்லை என்ற ஒப்புதலோடு கேஸ் கட்டையும் வாங்கிப் புதியவரிடம் தர வேண்டும். ஃபீஸ் பாக்கி இருந்தால்கூட கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கியை அவர் தனியாகச் சட்டப்படி வசூலிக்கலாம், கட்டைத் திருப்பித் தர வேண்டும்.